சிவப்புப் பொட்டு வைத்த ஊசி

அஞ்சலையக்கா ஒற்றைக் காலில் நின்றார். முழங்கால் வரை சேறு. இடது பாதத்தைக் கையால் தூக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். இன்னொரு கையிலிருந்த நாற்றுமுடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்கள் நிமிரக்கூட இல்லை.

"இன்னாக்கா, முள்ளா?" என்று ஒருத்தி குனிந்தபடியே கேட்டாள்.

"முள்ளுன்னா இந்நேரம் புடுங்கிப் போட்டிருப்பேன்டி. இது உள்ளாற பூந்துடுச்சு."

நான் கூழ்ப் பானையோடு எங்கள் வயல் வரப்பில் நின்றிருந்தேன். கல்யாணமாகி பாகூர்ப் பக்கம் வாழ வந்த முதல் வருஷம். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துவிட்ட, டிவி இன்னும் வராத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் வளர்ந்தவள் என்பதால் என்னை யாரும் வயலில் இறங்க விடுவதில்லை. "பாண்டிப் பொண்ணு வழுக்கி வுழுந்தா தூக்க நாலு பேரு வேணும்பா" என்று அஞ்சலையக்காவே கேலி செய்வார். நடவுப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவர் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

இரண்டு பேர் அவரைத் தாங்கி வரப்புக்குக் கொண்டுவந்தார்கள். குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பாதத்தைக் கழுவினேன். உள்ளங்காலின் பள்ளத்தில் மிளகு அளவுக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் பற்றி இழுத்தேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தியதில் ரவிக்கை கிழிந்தது. அது வெளியே வந்தது.

ஊசி. தைக்கிற ஊசி இல்லை, டாக்டர் போடுகிற ஊசி. நடுவில் வளைந்திருந்தது. சிரிஞ்சில் பொருத்துகிற தடித்த முனையில், பாதி உரிந்துபோன ஒரு சிவப்புப் பொட்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பொட்டு என்னுடையது.

ஒரு நகப்பூச்சின் கதை

என் அப்பா கம்பவுண்டர். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் என் பிறப்புக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர். அவ்வளவு சுத்தமான மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கிட்டே போனால் ஸ்பிரிட் வாசனை. கல்யாண வீடுகளில்கூடத் தன் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். வெளியே எங்கும் தண்ணீர் குடிக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி எனக்கு ஒரு நகப்பூச்சுக் குப்பி கொடுத்தாள். பிரான்சிலிருந்து வந்த யாரோ ஒரு சித்தப்பா அவளுக்குக் கொடுத்தது. ரத்தச் சிவப்பு. ஒரு விரலுக்குப் பூசி முடிப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் அடி கிடையாது, பறிமுதல்தான்.

"இது வேற ஒண்ணுக்கு உதவும்" என்று குப்பியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஊசிகளை வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். குழந்தைகளுக்கு என்று மெல்லிய ஊசிகள் தனியாக உண்டு. கொதிக்கிற பாத்திரத்தில் எல்லாம் கலந்துவிடும். அதனால் அப்பா குழந்தை ஊசிகளின் தடித்த முனையில் மட்டும் என் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். வெந்நீரில் உரிய உரிய, ஞாயிற்றுக்கிழமைதோறும் புதிதாக வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வைத்திருக்கிறேன். வேறு எந்தக் கம்பவுண்டரும் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஊசி மருந்துத் தூளைக் கரைக்கிற தண்ணீர், மூடி இல்லாமல் வாயை உருக்கி ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். அப்பா சின்ன அரத்தால் அதன் கழுத்தில் ஒரு கோடு போடுவார். டிக் என்று ஒடிப்பார். ஒடித்த கழுத்தைப் பார்க்காமலே ஜன்னலுக்கு வெளியே சுண்டிவிடுவார். அது வெயிலில் மின்னிக்கொண்டு போகும். நோய்க்காரக் குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஊசி இறங்கிவிடும். எவ்வளவு நளினம் என்று அப்போது நினைத்தேன்.

வெறும் வண்டி ஊர் திரும்பாது

டாக்டர் வீட்டு ஊசி பாகூர்ச் சேற்றுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் மாட்டு வண்டிகள் கத்தரிக்காயும் கீரையும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பாண்டிச்சேரி மார்க்கெட்டுக்குப் போகும். திரும்பும்போது வெறுமனே வராது. வெறும் வண்டி ஊருக்குள் நுழைந்தால், "இன்னாபா, மாட்டுக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு வர்றியா?" என்று சிரிப்பார்கள். பாண்டிக்கு வெளியே நகரத்துக் குப்பை கொட்டுகிற மேட்டில் நின்று, மட்கிய குப்பையாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு, அரியாங்குப்பம் பாலம் தாண்டி வரும். நகரம் தின்றுவிட்டுப் போட்டதை வயல் தின்னும். வயல் கொடுத்ததை மறுநாள் அதே வண்டி நகரத்துக்குக் கொண்டுபோகும். எத்தனையோ தலைமுறையாக நடந்த ஏற்பாடு. இன்றைக்குப் பெரிய மேடைகளில் பேசுகிறார்களே, கழிவு மறுசுழற்சி என்று, அதை இவர்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

என் மாமியாருக்குக் குப்பை வண்டி என்றால் செய்தித்தாள் மாதிரி. கூடையில் கொட்டிக் கிளறிக்கொண்டே செய்தி வாசிப்பார். "பாண்டிக்காரங்க வெங்காயத்த எம்மாங் கனமா உரிக்கிறாங்க பாரு. பாதி வெங்காயம் தோல்லயே போவுது." "காப்பித்தூள் சக்கை நெறயா கீது. இவங்களுக்கு வூட்ல கூழே கெடையாதா?" பேசும்போது ஓரக் கண்ணால் என்னைப் பார்ப்பார். பாண்டிச்சேரி முழுவதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, சாம்பல் பாத்திரத்துக்கு, தேங்காய் நார் தேய்க்க, பழைய புடவை தொட்டிலுக்கு. தொட்டில் கிழிந்தால் கரித்துணிக்கு. கரித்துணியும் நைந்தால் எருக்குழிக்கு. குழியில் போனது எல்லாம் மண்ணாகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. நகரத்துக் குப்பையும் அப்படித்தான் இருந்தது, வாழை இலை, மீன் முள், பூச்சருகு. எப்போது மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. பிளேடு வந்தது, பல்பு வந்தது, கண்ணாடி வந்தது, நைலான் பை வந்தது. நாங்களும் ஒரே அள்ளாக அள்ளிக் கொட்டினோம்.

பாதங்கள்

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "ஒரு ஊசிக்கா இப்டி வெளுத்துப் போன?" என்று நடவுப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். வரப்பில் உட்கார்ந்து, தன் காலை நீட்டிக் காட்டினாள்.

"தோ பாரு. இது பாட்டில் கண்ணாடி. இது போன போகம் பிளேடு."

அடுத்தவள் காட்டினாள். அதற்கடுத்தவள். வரப்பு நெடுக உட்கார்ந்து, சேற்றைக் கழுவிவிட்டு ஒவ்வொருத்தியாகப் பாதத்தைத் திருப்பினாள். நீளமும் குறுக்குமாகத் தழும்புகள். ஒருத்திக்குச் சுண்டுவிரல் வளைந்தே போயிருந்தது. அந்தக் கால்களில் மருதாணி இருந்தது, மெட்டி இருந்தது, கொலுசுத் தடம்கூட இருந்தது. அவற்றைத்தான் நான் இத்தனை நாளும் பார்த்திருந்தேன்.

"இத யாருகிட்டயும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"யாருகிட்ட சொல்றது? நடவுன்னா குத்தத்தான் செய்யும்" என்றாள் ஒருத்தி.

ஆனால் அன்றைக்கு அஞ்சலையக்கா எழுந்திருக்க முடியவில்லை. தலைவி விழுந்ததும் மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிவந்தபோது பாதி வயல் நட்டும் நடாமலும் கிடந்தது.

"உங்க வயல்ல நாங்க இனிமே எறங்க மாட்டோம். கொட்டற குப்பைய சலிச்சுக் கொட்டுங்க. அப்பறம் கூப்புடுங்க."

"குப்பைன்னா குப்பதாம்மா. அதுல இன்னா நல்ல குப்பை, கெட்ட குப்பை?" என்றார் அவர்.

நான் ஊசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மாமியார் வீட்டில் நான் முதல் முதலாகக் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த 'வெளில'

அடுத்த நாள் அஞ்சலையக்காவின் கால் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் கொதித்தது. தாடை இறுகுகிறதா, வாய் திறக்க முடிகிறதா என்று அக்கம் பக்கத்தில் வந்து வந்து பார்த்தார்கள். கண்ணாடி குத்தி ரணஜன்னி வந்து ஒரு பெண் வில்லாக வளைந்து செத்துப்போனதை அந்தத் தெரு ஏற்கெனவே பார்த்திருந்தது. ஆஸ்பத்திரி என்றாலே அஞ்சலையக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போனா கால எடுத்துருவாங்க. கால் இல்லாம நான் எப்டி நடுவேன்? செத்தா முழுசா சாவுறேன்."

யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் முதல் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போனேன். அப்பா மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற மகளைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் காகிதத்தைப் பிரித்து ஊசியை மேஜைமேல் வைத்தேன்.

அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "இது நம்ம ஊசியாச்சே. வளைஞ்சு போச்சுன்னு போட்டுட்டேனே."

"எங்க போட்டீங்க?"

"எங்க போடுவாங்க? குப்பையில."

"அந்தக் குப்பை எங்க போவுது?"

"மேரி வண்டி வந்து அள்ளிட்டுப் போவும்." நகரசபையை அவர் தலைமுறை அப்படித்தான் சொல்லும்.

"அள்ளி?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு ஊசியை எத்தனை நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அது கையை விட்டுப் போன பிறகு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"அது... வெளில" என்றார் கடைசியில்.

"அந்த வெளிலதாம்பா என்னைக் கட்டிக் குடுத்திருக்கீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டை விரிக்காமலே உட்கார்ந்தார். எழுந்து உள்ளே போய் டாக்டரிடம் பேசினார். வெளியே வந்தபோது கையில் மருந்துப் பெட்டி இருந்தது. "வா, போவலாம்" என்றார்.

சலித்ததும் கிடைத்ததும்

ரணஜன்னிக்கு முதலில் ஒரு ஊசி. பிறகு புண்ணுக்குத் தினமும் ஒன்று. அப்பா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் மத்தியானம் பஸ்ஸில் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் தாண்டி, சாணம் மிதிக்காமல், அஞ்சலையக்கா குடிசைக்குள் குனிந்து போவார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிடும். நான் அக்கா கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஊசி போடும் நேரத்தில் எல்லார் கண்ணும் அந்தக் காலின்மேலும் ஊசியின்மேலும்தான்.

மற்ற நேரத்தில் எங்கள் வீட்டில் குப்பை சலித்தோம். மணல் சலிக்கிற கம்பிவலையைச் சாய்த்து நிறுத்தி, களத்தில் மீதியிருந்த நகரத்துக் குப்பை முழுவதையும் கூடை கூடையாகக் கொட்டினோம். வலையின் இந்தப் பக்கம் தங்கியதை என் வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பிளேடுகள், வளையல் துண்டுகள், பல்பு, பேட்டரிக் கட்டை, உடைந்த மருந்து பாட்டில்கள், இன்னும் சில ஊசிகள், பொம்மையின் ஒரு கண். மாமியார் அந்தக் கண்ணைக் கையில் எடுத்து, அது தன்னைப் பார்க்கிறது என்று அலறிப் போட்டுவிட்டார். அதன் பிறகு அவர் குப்பையில் செய்தி வாசிக்கவில்லை.

கொல்லையில் நான் இன்னொரு குழி வெட்டச் சொன்னேன். மட்குவது ஒன்றில், மட்காதது ஒன்றில். "குப்பைக்கு ரெண்டு வூடா?" என்று மாமியார் முகவாயில் கை வைத்தார். ஆனாலும் அடுத்த நாள் உடைந்த சிம்னிக் கண்ணாடியை அவரே கொண்டுபோய் இரண்டாவது குழியில் போட்டதைப் பார்த்தேன்.

அஞ்சலையக்காவின் காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. புண் ஓரம் ஒட்டத் தொடங்கியதைப் பார்த்து அப்பாவே வாய்விட்டுச் சிரித்தார்.

ஒடித்த கழுத்து

அன்றைக்குக் கடைசி ஊசி. தெருப் பெண்கள் பாதிப் பேர் குடிசையின் பின்பக்கம் கொல்லையில் நின்றிருந்தார்கள். இடுப்பில் குழந்தைகள். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாளிலிருந்து எங்கள் வயலில் இறங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் வெந்நீர்ச் சொம்போடு பின்வாசலில் நின்றேன்.

அப்பாவுக்கும் பேச்சு வந்திருந்தது. "இப்பல்லாம் டாக்டர் வீட்டுல ஊசி, உடைஞ்ச கண்ணாடி எல்லாத்துக்கும் தனி டின்னு வெச்சிருக்கேன். மூடி போட்ட டின்னு. குப்பைக்கு ஒண்ணுகூடப் போறதில்ல. நான் இருக்கற வரைக்கும் போவாது" என்றார்.

"மவராசனா இருங்கய்யா" என்றார் அஞ்சலையக்கா. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவர்தான் என் அப்பா என்று அந்தக் கூட்டத்தையே ஒரு பார்வை பார்த்தேன்.

அப்பா தண்ணீர்க் குப்பியை எடுத்தார். அரத்தால் கோடு போட்டார். டிக். மருந்தைக் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றினார். காலிக் குப்பியைப் பார்க்காமலே பின்வாசல் வழியாக அக்கா வீட்டு எருக்குழியைப் பார்த்து வீசினார். ஒடித்த கழுத்தைச் சுண்டினார். அது என் கன்னத்தை ஒட்டி மின்னிக்கொண்டு போய்க் கொல்லையில் விழுந்தது.

"அப்பா!"

நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின. சொம்பு கீழே விழுந்தது.

"என்னம்மா? பாம்பா?" என்று அவர் பதறினார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் விரல்களைப் பார்த்தார். சுண்டிய விரல்கள் இன்னும் அப்படியே நீண்டிருந்தன.

அஞ்சலையக்காதான் முதலில் பேசினார். "கரைச்ச மருந்து கெட்டுடப் போவுது. ஊசியப் போட்டு முடிங்கய்யா."

அப்பா போட்டு முடித்தார். தூள் இருந்த குப்பியை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து கொல்லைக்குப் போனார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். யாரும் தடுப்பதற்குள் எருக்குழியில் இறங்கிவிட்டார்.

சாணமும் சாம்பலும் மீன் செதிலுமாக ஊறிக் கிடந்த குழி. வெளியே ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதர் அதில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவினார். குப்பி கிடைத்தது. வேட்டியிலேயே துடைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு ஆத்திரம் அடங்கி, பாவமாகக்கூட இருந்தது.

"சரி, ஏறி வாங்கப்பா."

அவர் ஏறவில்லை. மறுபடி குனிந்தார். "இரும்மா. நேத்து போட்டது இருக்கு. முந்தாநேத்து போட்டதும் இங்கதான்."

"வந்த நாள்லேந்தா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "குப்பியெல்லாம் குழியிலதான் இருக்கும். எடுத்துடலாம். கழுத்துதான்... அது எங்கெங்க போய் விழுந்துதோ, தெரியலம்மா."

பெண்கள் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். செருப்பில்லாத அத்தனை கால்களும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒருத்தி, பக்கத்தில் ஓடிய பிள்ளையின் கையை எட்டிப் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டாள்.

பின்வாசலில் அஞ்சலையக்கா வந்திருந்தார். ஆறிய காலை அன்றைக்குத்தான் முதன்முதலாக மண்ணில் ஊன்ற வந்தவர், அதைக் கீழே வைக்காமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஒற்றைக் காலில் நின்றார்.